ஐந்து புள்ளி எட்டு லிட்டர்

லாட்டிமர் கவுண்டி மண் பந்தயத் திடலில் ஒலீட்டா கிரைடரைப் பிடிக்கும் என்று சொன்ன ஒரு ஆளைக்கூட நான் சந்தித்ததில்லை. பத்திரிகைக்காகப் பதினோரு வருடம் ஞாயிறுதோறும் அங்கே நின்றிருக்கிறேன். தோற்றவர்களுக்கு அவளைப் பிடிக்காது. ஜெயித்தவர்களுக்கு இன்னும் பிடிக்காது.

ஒலீட்டாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வார நாட்களில் பிஸ்டன் தொழிற்சாலையின் அளவுக்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். மற்றவர்கள் அளக்கும் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று அளப்பது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பந்தயத் திடலுக்கு வந்து, தகரக் கூரை போட்ட சிமென்ட் மேடையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவாள். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று கார்கள் நேராக அந்த மேடைக்கு வர வேண்டும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு கண்ணாடிக் குழாயைத் திருகுவாள். எஞ்சினைச் சுற்றவிட்டால் குழாய்க்குள் மிதவை மேலே ஏறும். ஒரு சிலிண்டர் எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்று அது காட்டும். எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர்; எட்டால் பெருக்கினால் எஞ்சினின் அளவு. அவள் சீட்டில் கையெழுத்துப் போடும்வரை கோப்பை யாருக்கும் கிடையாது. ஜெயித்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெறும் கையுடன் நிற்பான். சுற்றிலும் பீர் டப்பாவும் கையுமாக நாற்பது பேர் நின்று அவளைத் திட்டுவார்கள். அவளும் சும்மா இருக்க மாட்டாள்.

"சீக்கிரம் ஆகட்டும் அம்மணி, என் பேரனுக்குக் கல்யாண வயசு ஆயிடும் போலிருக்கு."

"உன் எஞ்சின் ஆறணும். உன் வாய் ஆறினா அதுவும் ஆறிடும்."

அந்த ஊரில் முன்னூற்றைம்பது என்பது எண் அல்ல, பெயர். முன்னூற்றைம்பது கன அங்குலம் என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. "கிளெம் மகன் முன்னூத்தம்பது வாங்கிட்டானாம்" என்றால் சர்ச்சில் இருக்கும் கிழவிக்கும் புரியும். அந்த எஞ்சினின் சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு அகலப்படுத்தினால் முன்னூற்றைம்பத்தைந்து ஆகும். அதற்குப் பெயர் முப்பது ஓவர். திடலின் உச்சவரம்பும் முன்னூற்றைம்பத்தைந்துதான். ஆகவே எல்லாரும் முப்பது ஓவர். ஒலீட்டா ஒருத்திக்குத்தான் அது எண்ணாகவே இருந்தது.

எண்பத்திரண்டில் டென்னி பிளம்மர் என்பவர் திடலைக் குத்தகைக்கு எடுத்தார். தலைநகரத்திலிருந்து வந்தவர், வெள்ளை ஷூ போடுகிறவர். புதுக் கார்களின் பக்கவாட்டில் எல்லாம் அப்போது லிட்டர் கணக்குதான் ஒட்டியிருந்தது. பிளம்மர் பழைய விதிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடித்தார். 'எஞ்சின் 5.8 லிட்டருக்கு மேற்படக் கூடாது.'

மார்ச் மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஓட்டுநர்கள் கூட்டம் நடந்தது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் போட்டு வைத்த பலகையைத் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கிய ஊர் அது. அந்த ஆண்டு தொழிற்சாலையில் ஒரு ஷிப்டை மூடியிருந்தார்கள். அதற்கும் வெளிநாட்டுக் கார்களே காரணம் என்று பேச்சு. லிட்டர் என்றதும் கூடம் முனகியது. ஆனாலும் ஐந்து புள்ளி எட்டு என்றால் நம்ம முன்னூற்றைம்பத்தைந்துதான் என்று பிளம்மர் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

ஒலீட்டா எழுந்து கரும்பலகைக்குப் போனாள்.

"ஐந்து புள்ளி எட்டு லிட்டர்னா முன்னூத்தம்பத்து மூணு புள்ளி ஒன்பது இன்ச். முன்னூத்தம்பத்தஞ்சுன்னா ஐந்து புள்ளி எட்டு ரெண்டு லிட்டர். இந்தப் புத்தகப்படி இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருமே கள்ள எஞ்சின்."

கூடம் சிரித்தது. "ஒரு இன்ச்சுக்கு இவ்வளவு அலட்டலா? புருஷன் ஓடிப்போனது ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றது ஒரு குரல்.

"அவன் ஓடிப்போன வண்டியும் ஓவர் சைஸ்தான்" என்றாள் ஒலீட்டா. பிளம்மரிடம் திரும்பினாள். "ரெண்டை மட்டும் சேர்த்துடுங்க. ஐந்து புள்ளி எட்டு ரெண்டுன்னு."

"முந்நூறு புத்தகம் அடிச்சாச்சு மிசஸ் கிரைடர். கொஞ்சம் நிதானத்தோட அளங்க, போதும்."

"நிதானத்தை அளக்கிற கருவி என்கிட்ட இல்ல. எழுதிக் குடுங்க."

கை தூக்கச் சொன்னார் பிளம்மர். புத்தகம் அப்படியே இருக்கட்டும் என்று நாற்பத்தொரு கைகள் எழுந்தன. முன்வரிசையில் முதலில் எழுந்த கை ராய்ஸ் ஃபெட்டர்ஸின் கை. ஒலீட்டாவின் தங்கை ஃபெர்னைக் கட்டியவன்.

ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தொன்பது வயது, சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறான். ஆண்டுப் பட்டியலில் நான்கு முறை இரண்டாவதாக வந்தவன், முதலாவதாக ஒரு முறைகூட வந்ததில்லை. பட்டம் கிடைத்தால் காரை விற்றுவிடுவேன் என்று ஃபெர்னுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஃபெர்ன் பத்தொன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தூசியில் உட்கார்ந்து கழித்தவள். இரண்டு தடவை அவனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியவள். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் முதல் பந்தயம். ராய்ஸ் ஜெயித்தான். ஒலீட்டா அளந்தாள். ஐந்து புள்ளி எட்டு இரண்டு. சீட்டில் 'தகுதி இல்லை' என்று எழுதினாள். அடுத்த காரும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூவரையும் வெளியே தள்ளிவிட்டுப் பேனாவை மூடினாள்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு யாரோ பீர் டப்பாவை எறிந்தார்கள். அது அவள் நாற்காலிக் காலில் பட்டது.

"பிரெஞ்சுக்காரி" என்று கத்தினான் ஒருவன், லிட்டர் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த அளவு என்பதால். அன்று முதல் அதுதான் அவளுடைய பெயர்.

ராய்ஸ் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். "போன வருஷம் இதே எஞ்சினுக்கு நீதான் கையெழுத்துப் போட்டே."

"போன வருஷம் வேற புத்தகம். இந்தப் புத்தகமே இருக்கட்டும்னு கை தூக்கினது நீ."

"உன் குரல் இனிமே என் காதுல விழக் கூடாது. என் வீட்டுப் படியும் ஏறாதே."

"கையெழுத்து இங்க போடணும்" என்று சீட்டை நீட்டினாள் அவள்.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. எல்டன் என்றொரு நண்பன் அவனுக்கு வண்டி வேலை பார்ப்பான். இருவரும் எல்டன் வழியாகப் பேசினார்கள். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "எல்டன், பிளக்கைக் கழட்டச் சொல்லு" என்பாள் ஒலீட்டா. "கழட்டியாச்சுன்னு சொல்லு எல்டன்" என்பான் ராய்ஸ். எல்டன் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. இருவருக்கும் நடுவில் நின்றால் போதும்.

முதல் பந்தயக் களேபரத்துக்கு மறுநாளே பிளம்மர் முடிவை ரத்து செய்து ஒரு துண்டுச்சீட்டு அடித்து ஒட்டினார். லிட்டர் கணக்கில் புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம்தான் பார்க்கப்படும். மிச்சத்தை அருகில் உள்ள எண்ணுக்கு முழுதாக்க வேண்டும். முப்பது ஓவர் எஞ்சின்கள் எல்லாம் ஒரே நாளில் நல்ல எஞ்சின்கள் ஆயின. திடலே கைதட்டியது.

ஒலீட்டா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். "ஐந்து புள்ளி எட்டு நாலு ஒன்பது வரைக்கும் கதவைத் திறந்து விட்டுட்டீங்க" என்று பிளம்மரிடம் சொன்னாள். அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தோளைத் தட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

அவள் சொன்னதைக் கேட்டு ஒரு ஆள் வீட்டில் போய்க் கணக்குப் போட்டான். முப்பதுக்குப் பதில் நாற்பது ஓவர் போட்டால் எஞ்சின் ஐந்து புள்ளி எட்டு நாலு எட்டு லிட்டர். முழுதாக்கினால் ஐந்து புள்ளி எட்டு. கிட்டத்தட்ட இரண்டு கன அங்குலம் இனாம். லிட்டர் என்றால் முகம் சுளித்தவன், அதே வாரம் எஞ்சினைப் பிரித்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நாற்பது ஓவர் போட்டுவந்தான். அந்த ஆள் ராய்ஸ் ஃபெட்டர்ஸ்.

அதன்பின் அவனைப் பிடிக்க முடியவில்லை. மே, ஜூன், ஜூலை என்று ஜெயித்துக்கொண்டே போனான். ஒலீட்டாவின் குழாய் ஐந்நூற்றுக்கு ஒன்று தவறும்; அவ்வளவு நெருக்கமான கணக்கை அது பார்க்காது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஆனால் பட்டத்தை முடிவுசெய்யும் கடைசிப் பந்தயத்துக்கு வேறு வழக்கம். ஜெயித்த எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் இரும்புப் பாளத்தைக் கழற்றி, சிலிண்டரை உள்ளேயே அளக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபெர்ன் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. ராய்ஸுக்குத் தெரியாமல்தான் வந்தாள். ஒலீட்டா பாலேடு பை என்ற இனிப்புப் பலகாரத்தை வெட்டிக் கொடுத்தாள். ஃபெர்ன் முள்கரண்டியால் அதைக் குத்திக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் நாலு பந்தயம். பட்டம் வந்தா காரை வித்துடுவான். ஓஹையோலேர்ந்து ஒருத்தன் விலை பேசிட்டுப் போயிருக்கான்."

"நல்லது."

"கடைசி நாள்ல ஹெட்டைத் திறப்பே இல்ல?"

"திறப்பேன்."

"ஒலீட்டா, நான் உன்கிட்ட எப்பவாவது எதையாவது கேட்டிருக்கேனா?"

"கேட்காதே. எஞ்சின் சரியா இருந்தா கையெழுத்துப் போடுவேன். அவன் மூஞ்சிக்காகப் போடாமயும் இருக்க மாட்டேன், உன் மூஞ்சிக்காகப் போடவும் மாட்டேன்."

"சரியாத்தான் இருக்கு. எட்டு நாலு எட்டு. பட்டறைக்காரன் எழுதியே குடுத்திருக்கான்."

"அப்புறம் ஏன் வந்தே?"

ஃபெர்ன் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். பையைத் தின்னாமலே போய்விட்டாள்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, திடலைச் சுற்றி நடக்கும் கவுண்டி ஆண்டுச் சந்தையின் கடைசி நாள். நாலாயிரம் பேர் இருந்தார்கள். தட்டையாக அடித்துப் பொரித்த பன்றியிறைச்சி சாண்ட்விச்சின் எண்ணெய்ப்புகை திடலுக்கு மேல் தொங்கியது. பட்டத்துக்கு இரண்டு பேர்தான் போட்டி: ராய்ஸும், லோவல் ஹக்கபி என்ற பால் லாரி ஓட்டுநரும். அன்று யார் முந்துகிறானோ அவனுக்குப் பட்டம். லோவல் எஞ்சினைப் புதிதாகத் துளைக்கவே இல்லை. பழைய முப்பது ஓவரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசித் திருப்பத்தில் ராய்ஸ் அவனை உள்பக்கமாக முந்தினான். கைப்பிடிச்சுவர் அதிரக் கூட்டம் எழுந்து நின்றது.

கார் மேடைக்கு வந்தது. எல்டன் ஹெட்டைக் கழற்றினான். ஒலீட்டா தொழிற்சாலையிலிருந்து அளவுமானியும் அதைச் சரிபார்க்கும் எஃகு வளையமும் கொண்டுவந்திருந்தாள். வளையத்தை எஞ்சின் மேலேயே வைத்தாள். சூட்டில் இரும்பு விரியும்; இரண்டும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும், அப்போதுதான் அளப்பாள்.

ஒன்றேகால் மணிநேரம் ஆயிற்று. ஃபெர்ன் மேடையோரம் கைகட்டி நின்றாள். பிளம்மர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு டிராக்டர் இழுவைப் போட்டி.

"மிசஸ் கிரைடர், டிராக்டர்காரங்க காத்திருக்காங்க."

"டிராக்டருக்குக் கல்யாணமா? நிக்கட்டும்."

"சூட்டுல அளந்து என்னை மாட்டிவிடப் பார்த்தா நடக்காதுன்னு சொல்லு எல்டன்" என்றான் ராய்ஸ்.

"அதுக்குத்தான் காத்திருக்கேன்னு சொல்லு எல்டன்."

பிறகு அளந்தாள். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்கும். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லி எழுதினாள். ஐந்தாவது சிலிண்டரில் அவள் குரல் தாழ்ந்தது. எல்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சராசரி எடுத்து, பெருக்கி, சீட்டில் எழுதிக் கோடு போட்டாள். 5.852.

பட்டறையிலிருந்து வந்தபோது ஐந்து புள்ளி எட்டு நாலு எட்டாக இருந்த எஞ்சின், ஐந்து மாதம் மண் திடலில் ஓடியதில் சிலிண்டர் சுவர் தேய்ந்து அகன்றிருந்தது. ஒரு தலைமுடியில் கால்வாசிகூட இல்லாத தேய்மானம். ஆனால் ஐந்து புள்ளி எட்டு ஐந்தைத் தாண்டியாயிற்று.

பிளம்மர் சீட்டைப் பார்த்தார். "இதுல எட்டுன்னும் போடல, ஒன்பதுன்னும் போடலையே."

"அளந்ததை எழுதியிருக்கேன். முழுதாக்கச் சொல்லி விதி போட்டது நீங்க. முழுதாக்குங்க."

"அது உங்க வேலை."

"என் வேலை இந்தக் கோட்டோட முடிஞ்சுது." மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரு பக்கம் லோவலின் ஆட்கள் நின்றார்கள், பால் பண்ணையிலிருந்து வந்த தடிமனான ஆட்கள். மறு பக்கம் ராய்ஸின் ஆட்கள். பிளம்மரின் வெள்ளை ஷூவில் எஞ்சின் ஆயில் சொட்டியிருந்தது.

"அட லிட்டரை விடுங்கய்யா" என்றான் ராய்ஸின் அண்ணன் மகன். "இன்ச்சுல எவ்வளவு, அதைச் சொல்லச் சொல்லுங்க."

"முன்னூத்தம்பத்தேழு" என்றாள் ஒலீட்டா. "பழைய வரம்பு முன்னூத்தம்பத்தஞ்சு. எந்தக் கணக்குல வெளிய போகணும்னு அவனே முடிவு பண்ணட்டும்."

பிளம்மர் மைக்கை வாயருகே கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோனார். "ஐந்து புள்ளி ஒன்பது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். லோவலின் எஞ்சின் ஐந்து புள்ளி எட்டு இரண்டு நாலு. பட்டம் அவனுக்குப் போயிற்று. பீர் டப்பாக்கள் வந்து விழுந்தன. எல்லாம் ஒலீட்டாவைக் குறிவைத்துத்தான். பிளம்மர் மேல் ஒன்றுகூட விழவில்லை.

கூட்டம் டிராக்டர் பக்கம் நகர்ந்த பிறகும் ராய்ஸ் கழற்றிய டயர் மேல் உட்கார்ந்திருந்தான். எல்டன் ஹெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எது அதிகம்?" என்று கேட்டான் ராய்ஸ். எல்டனைப் பார்க்கவில்லை. நேராக அவளைக் கேட்டான்.

"ஐந்தாவது. அப்புறம் மூணாவது. எல்லாமே மேல்பக்கம்தான்."

"மேல்பக்கம்னா தூசி."

"தூசிதான். உன் ஏர் ஃபில்டர் அடித்தட்டு வளைஞ்சிருக்கு. கார்பரேட்டர் வாய்க்குள்ள மண் கோடு போட்டிருந்துது."

ராய்ஸ் எழுந்துபோய்த் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விளிம்பில் ஒரு நாணயம் நுழையும் இடைவெளி.

"போட்டிருந்துதா? இன்னிக்குப் பார்த்தியா?"

"ஜூலைல."

"ஜூலைல பார்த்துட்டுச் சும்மா இருந்தியா?"

"உன் குரல் என் காதுல விழக் கூடாதுன்னு சொன்னது நீ. நான் சொல்லல."

"எல்டன்கிட்ட சொல்லியிருக்கலாமே. மத்ததெல்லாம் எல்டன்கிட்டதானே சொன்னே. பிளக்கைக் கழட்டு, கையெழுத்துப் போடு, வண்டியை நகர்த்து. எல்லாம் சொன்னியே."

"ஓட்டுறவனுக்கு யோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"எந்தப் பக்கத்துல இருக்கு? புத்தகத்தைக் காட்டு."

ஒலீட்டா அளவுமானியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான். புத்தகத்தில் அப்படி ஒரு விதி இல்லை. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஃபெர்ன் மேடை மேல் ஏறிவந்தாள். "ஜூலைலயே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் வந்தது ஆகஸ்ட்ல."

"ஆமா."

"பை வெட்டிக் குடுத்தே."

ஃபெர்ன் புருஷனிடம் திரும்பினாள். "ஓஹையோக்காரன்கிட்ட நாளைக்குப் பேசுவியா?"

"இப்படி ஒரு தோல்வியோடயா? இன்னும் ஒரே ஒரு வருஷம், ஃபெர்ன்."

ஃபெர்ன் அவன் சட்டைப்பையில் கையை விட்டு டிரக் சாவியை எடுத்தாள். காரை ஏற்றாத டிரெய்லர் பின்னால் கடகடவென்று குதிக்க, சந்தை வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். கார் ஹெட் இல்லாமல் மேடையிலேயே கிடந்தது. ராய்ஸை எல்டன்தான் கொண்டுபோய் விட்டான். வீட்டில் அவள் இல்லை. ஃபோர்ட் வேன் நகரத்தில் சித்தி மகள் வீட்டில் போய் இருந்தாள். நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்குத் திரும்பி வந்தாள். மேசைக்கு அக்காவை அழைக்கவில்லை.

அடுத்த வருடப் புத்தகத்தில் பிளம்மர் மறுபடி முன்னூற்றைம்பத்தைந்து கன அங்குலம் என்றே அச்சடித்தார். லிட்டர் என்ற சொல்லே அதில் இல்லை. மார்ச் கூட்டத்தில் அளப்பதற்கு வேறு ஆள் கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. டப்பா அடி வாங்க யாருக்கு ஆசை?

ஏப்ரல் முதல் ஞாயிறு ஒலீட்டா மடக்கு நாற்காலியோடு வந்தாள். ராய்ஸ் புது எஞ்சின் போட்டு ஓட்டி மூன்றாவதாக வந்தான். ஃபெர்னின் இருக்கை காலி. அந்த வருடம் முழுக்கவே காலிதான். எல்டன் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"நீ தள்ளு" என்றான் ராய்ஸ் அவனிடம். பிறகு ஒலீட்டாவைப் பார்த்தான். "ஃபில்டரைப் பார்த்துட்டுச் சொல்லு."

அவள் எழுந்து மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள். "ஆறட்டும். அப்புறம் பிளக்கைக் கழட்டு."